பிறகு என்றொரு பொத்தான்

கட்டிப்போடப்பட வேண்டிய ஆள் தன் கையாலேயே நாற்காலியைத் தூக்கிவந்து கூடத்தின் நடுவில் போட்டான்.

"இது போதுமா மச்சான்? தேக்கு. உங்கப்பா சீர்வரிசையில வெச்சது. லேசுல உடையாது."

லோகேந்திரன் கையிலிருந்த சாக்கை ஒரு உதறு உதறினான். லாரியில் பாரம் கட்டுகிற சங்கிலி சரசரவென்று தரையில் கொட்டியது. அதன் தலைமேல் ஒரு பூட்டு விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, கனமான, அசல் திண்டுக்கல் பூட்டு. சாக்கு முழுதாகக் காலியாகவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"ஊரே கைரேகைப் பூட்டுக்கு மாறிப்போச்சு. இதுக்காக நாலு கடை ஏறி எறங்கினேன்," என்றான் லோகு. "உனக்குன்னா சும்மாவா?"

சங்கிலியை எடுத்த அவனுடைய வலது கையில் மூன்று விரல்தான் இருந்தன. மீதி இரண்டை எடுத்தவன்தான் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கைப்பிடிகளின் மேல் வாகாக வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இறுக்கிக் கட்டு. இன்னொரு சுத்து போடு," என்றான் மாயக்கண்ணன். "எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

சமையற்கட்டு வாசலில் நின்ற இலக்கியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டுகிறவன் அண்ணன். கட்டப்படுகிறவன் புருஷன். இன்றைக்கு இந்தக் கூடத்திலிருந்து இரண்டு பேரும் உயிரோடு எழுந்துபோனால் போதும். நாலு வயது மகிழினியை எதிர்வீட்டில் விட்டாயிற்று. ராகு காலம் கழிந்தாயிற்று. அவள் கையில் இருந்ததெல்லாம் செய்தாயிற்று.

ஒரு காலத்தில் இந்த ஊரில் மாயன் வருகிறான் என்றால் கடை ஷட்டர்கள் தாமாக இறங்கும். பத்து வருஷத்துக்கு முன்னால், கல்குவாரித் தகராறில் ஒருவனை நடுரோட்டில் வெட்டிச் சாய்த்துவிட்டு, சட்டை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தான். 'என்ன மாமா இது?' என்று கேட்ட குற்றத்துக்கு இலக்கியாவின் இடது கை முறிந்தது. சத்தம் கேட்டுத் தங்கையை அழைத்துப்போக வந்த லோகுவுக்கு இரண்டு விரல் போயிற்று. எல்லாம் ஒரே சாயங்காலத்தில். அப்புறம் ஜெயில். ஆயுள்.

அங்கேயே கிடந்து செத்திருப்பான், அந்தச் சட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால். ஜெயில்கள் நிரம்பி வழிந்த காலம். ஒருத்தனுக்கு ஆயுசுக்கும் சோறு போடுவதைவிட, பிடரியில் ஒரு விதையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவது லேசு என்று அரசாங்கம் முடிவு செய்தது. வீட்டில் ஒருவர் சம்மதித்தால் போதும். இலக்கியா சம்மதித்தாள். ஏன் சம்மதித்தாய் என்று லோகு ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்கே பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"அக்கா, இந்தப் பெட்டிக்கு என்ன வயசிருக்கும்?"

கேட்டது ஷபானா. சிறைத்துறையிலிருந்து வந்திருக்கும் டெக்னீஷியன். அலமாரித் தட்டில் இருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால், முக்காடு நழுவ நழுவ, ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கல்யாணத்துக்கு வாங்கினது."

"அப்ப இதுக்கும் பேரன் பேத்தி பிறந்திருக்கணும். இந்த மாடலை நான் படத்துலதான் பார்த்திருக்கேன்."

பெட்டியின் ஒரு பக்கத்து மூடி போய், பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. உள்ளே விசிறி இளைப்பு நோய்க்காரர் மாதிரி இழுத்து இழுத்து ஓடியது. விசைப்பலகை முழுக்கத் தையல் சாக்பீஸ் தூள். இலக்கியாவின் தையல் ஆர்டர், மகிழினியின் பாட்டு, கரண்ட் பில், மாயக்கண்ணனின் மூர்க்கம், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது இந்த ஒரே பெட்டிதான். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வருஷத்துக்கு வருஷம் மேலே மேலே அப்பி, கெட்டியாகக் காய்ந்துபோய்ப் பொருக்குத் தட்டியிருந்தது.

"ஆயுத பூஜையா?" ஷபானா சிரித்தாள்.

"தையல் மெஷினுக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம விட முடியுமா? இதுதான எங்க உசிரைக் காப்பாத்துது. முதல் பொட்டே இதுக்குத்தான்."

துணியை எடுத்த ஷபானா, நெற்றிக்கு நேராகக் கை போனதும் நிறுத்திக்கொண்டாள். "சாமிப் பொட்டு. அதுவும் வெள்ளிக்கிழமை. நான் எதுக்கு அதுல கை வெச்சுக்கிட்டு," என்று மற்ற இடத்துத் தூசியை மட்டும் தட்டினாள். திரையைத் தொட்டாள். உடனே ஒரு கட்டம் எட்டிப்பார்த்தது. அவள் படிப்பதற்குள், இலக்கியாவின் விரல் பழக்கதோஷத்தில் நீண்டு இடது மூலையில் 'பிறகு' என்ற பொத்தானை அமுக்கிவிட்டது. கட்டம் மறைந்தது.

"என்னக்கா அது?"

"தினம் வரும். தைச்சுக்கிட்டு இருக்கும்போது குறுக்க வந்து எதையோ கேட்கும். பிறகுன்னு அமுக்கினாப் போயிரும்."

"புதுப் பதிப்பு ஏத்தச் சொல்லிக் கேட்டிருக்கும். எல்லா வீட்லயும் இதே கதைதான். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இப்ப பாருங்க, பழசுக்கு இந்த மாசத்தோட ஆயுசு முடியுது. ஏத்தலேன்னா அண்ணனை மறுபடி உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க."

"ஏத்தும்போது என்ன ஆகும்? நேத்து சொன்னீங்க, இவருக்கும் ஒருக்காச் சொல்லிருங்க," என்றாள் இலக்கியா லோகுவைக் காட்டி.

ஷபானா திரும்பினாள். "விதைக்குத் தானா எதுவும் தெரியாது சார். நெல்லுமணி அளவு, அவ்வளவுதான். பார்க்கிறது பெட்டி. அண்ணன் தாடை இறுகினா, நரம்பு புடைச்சா, கை ஓங்கினா, பெட்டி பார்த்துட்டு விதைக்குச் சொல்லும். விதை கையைக் கீழ போடும். இப்ப பதிப்பு மாத்துறப்போ பெட்டி நாப்பது நிமிஷம் தூங்கும். அது தூங்கினா விதையும் தூங்கும்."

"அந்த நாப்பது நிமிஷம் இவன்?"

"அவரு அவராவே இருப்பாரு."

லோகு சங்கிலியை இன்னொரு தரம் இழுத்து இறுக்கினான்.

"எவன் மேலயாவது கை வெச்சா?" லோகு விடவில்லை.

"ரெண்டு சாட்சி போதும். மறுபடி ஆயுள். இந்தத் தடவை வீட்டுக்கு விடமாட்டாங்க."

லோகு தலையை ஆட்டிக்கொண்டான், கணக்குப் பாடம் புரிந்த பையனைப் போல.

இலக்கியாவுக்கு ஆரம்ப நாட்கள் ஞாபகம் வந்தன. வீட்டுக்கு வந்த முதல் வருஷம் மாயக்கண்ணனின் கை எத்தனை தரம் ஓங்கியிருக்கும்! ஓங்கின வேகத்தில் ஈரத்துணி மாதிரித் தொப்பென்று விழும். அவன் தன் கையையே வெறித்துப் பார்ப்பான். போகப்போகக் கை விழுவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. கோபம் வந்தால் எழுந்துபோய் ஒரு குடத்தை எடுத்துவைத்துக்கொண்டு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுவான். அரை மணி, ஒரு மணி. வீட்டில் இருக்கிற பித்தளையெல்லாம் நகைக்கடை மாதிரி மின்னுவது அப்படித்தான். விதை நன்றாக ஊறிப் பிடித்துக்கொண்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"புள்ள," என்றான் மாயக்கண்ணன், சங்கிலிக்குள்ளிருந்து. "ஒரு கையை மட்டும் அவுத்து, அந்தக் குடத்தை எடுத்துக் குடு. தேய்ச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். பொழுது போயிரும்."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"நில்லுடி," என்றான் லோகு. "கையை அவுத்துவிடச் சொல்றான், நீயும் போறியே! பத்து வருஷத்துக்கு முந்தி உன் கையை ஒடிச்சது எந்தக் கை, சொல்லு பார்ப்போம்?"

அவள் நின்றுவிட்டாள்.

பூட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் லோகு. ஷபானா பொத்தானை அழுத்தினாள்.

விசிறி ஒரு முறை இழுத்து, நின்றது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அமைதி. திரையில் ஒரு நீலக்கோடு மட்டும் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது.

அது முக்கால்வாசி ஊர்ந்தபிறகு லோகு நாற்காலியைச் சுற்றி ஒரு நடை வந்தான். குனிந்தான். மாயக்கண்ணன் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், "இப்ப எப்படி இருக்கு மச்சான்? விதை தூங்கிருச்சாம். பழைய மாயன் முழிச்சாச்சா?" என்றான்.

"தள்ளி நில்லு லோகு. உனக்கு நல்லது."

"பாத்தியா, மிரட்டுறான்! கேட்டுக்கம்மா டெக்னீஷியன், சாட்சி நீதான்."

"சார், அவர்கிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க. நேரம் ஓடட்டும்."

"சாரா? நான் சார் இல்லம்மா. லாரி ஓட்டுறவன். ஓட்டினவன். மூணு விரலை வெச்சுக்கிட்டு ஸ்டியரிங் பிடிச்சா எந்த முதலாளி வண்டி குடுப்பான்? பொண்டாட்டி போயிட்டா. சோத்தைப் பிசைஞ்சா வழியுது. சட்டைப் பொத்தான் போட ஆள் வேணும். இந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடு, மடியில புள்ள!"

கடைசி வார்த்தையோடு அறை விழுந்தது. மூன்று விரல் அறை. மாயக்கண்ணனின் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது.

"அண்ணே!" என்று கத்தினாள் இலக்கியா. ஆனால் அவள் பார்த்தது அண்ணனை அல்ல. புருஷனின் தாடையைத்தான். அது இறுகியது. நெற்றிப்பொட்டில் அந்தப் பழைய நரம்பு, பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே நரம்பு, மண்புழு மாதிரி நெளிந்தது.

"புள்ள." அவன் குரல் கரகரத்தது. "குடத்தைக் கையில தர வேணாம். என் கண்ணுக்கு முன்னால கொண்டாந்து வை. பார்த்துக்கிட்டாவது இருக்கேன்."

ஒரு எட்டு எடுத்து வைத்தால் அலமாரி. எடுத்து வைத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த நரம்பு துடிக்கும்போது அவனுக்குப் பக்கத்தில் போவதா? அவள் கால் நகரவில்லை. தையல் மேஜையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது அறை. மூன்றாவது. லோகு வயிற்றில் ஒரு உதை விட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதித் திரும்ப நின்றது. மாயக்கண்ணன் ரத்தத்தைத் துப்பினான்.

"திமிறக்கூட மாட்டேங்கிறானே," என்றான் லோகு ஏமாற்றத்தோடு. "சரி, வேற வழி பார்ப்போம்." சாக்குக்குள் கைவிட்டான்.

அரிவாள் வெளியே வந்தது.

"அண்ணே! கட்டி வைக்கத்தான உன்னை வரச் சொன்னேன்!"

"கட்டி வெச்சாத்தானடி வெட்ட முடியும்? கட்டாம விட்டப்ப என்ன ஆச்சுன்னு பாத்தல்ல?" அரிவாள் நுனியால் மாயக்கண்ணனின் இடது கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டான், கத்தரிக்காய் பொறுக்குகிறவன் மாதிரி. "உசிரெல்லாம் வேணாம் மச்சான். ரெண்டுக்கு ரெண்டு."

மாயக்கண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தான். பார்வையில் என்ன இருந்தது என்று இலக்கியாவுக்குப் புரியவில்லை.

"நியாயந்தான்," என்றான். "எடுத்துக்க. எடுத்துட்டுக் கிளம்பிரு. புள்ள, பாப்பா வர்றதுக்குள்ள தரையைக் கழுவி விட்டுரு."

லோகு ஒரு கணம் திகைத்தான். இப்படி ஒரு பதிலுக்கு அவன் தயாராகி வரவில்லை. அந்தத் திகைப்பே அவனை வெறியாக்கியது. அரிவாள் இறங்கியது.

தேக்குக் கைப்பிடியில் 'தடக்' என்று ஒரு சத்தம். சுண்டுவிரல் தனியாகத் தெறித்துத் தையல் மெஷின் பெடலுக்கு அடியில் போய் விழுந்தது. அடுத்த விரல் தோலில் தொங்கியது. மாயக்கண்ணன் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ஷபானா போனை எடுத்துவிட்டாள். "போலீஸ், நாகல் நகர்ல..."

"வை கீழ!" லோகு திரும்பினான். அவன் கண்ணில் இப்போது ஆள் அடையாளம் எதுவும் இல்லை. அரிவாள் வீச்சு ஷபானாவின் முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. போன் சுவரில் மோதிச் சிதறியது. அவள் அலமாரியோடு சரிந்து உட்கார்ந்தாள். லோகு அரிவாளைத் தலைக்குமேல் தூக்கினான். "சாட்சி சொல்ல வந்தியாடி நீ, சாட்சி?"

அப்போதுதான் தேக்கு உடைந்தது.

மாயக்கண்ணன் நாற்காலியோடு எழுந்து, நாற்காலியோடு சுவரில் பாய்ந்திருந்தான். ஒரே மோதல். முதுகுப்பலகை பிளந்தது. இரண்டாவது மோதலில் கைப்பிடி பெயர்ந்து சங்கிலி நெகிழ்ந்தது. சங்கிலியின் நுனியில் பூட்டு தொங்கியது. அவன் அதைச் சுழற்றி விட்டான். திண்டுக்கல் பூட்டு லோகுவின் மணிக்கட்டில் இறங்க, எலும்பு நொறுங்கும் சத்தம் இலக்கியாவுக்குக் கேட்டது. அரிவாள் கீழே விழுந்தது. மாயக்கண்ணன் அதைக் காலால் எத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அடுத்த நொடி, பின்பக்கமிருந்து சங்கிலி லோகுவின் கழுத்தைச் சுற்றியது. இருவரும் ரத்தத்தில் வழுக்கித் தரையில் விழுந்தார்கள். மாயக்கண்ணன் அடியில், லோகு மேலே. லோகுவின் கால்கள் உதைத்துக்கொண்டன.

"தங்கச்சி..." லோகுவின் தொண்டையிலிருந்து வந்தது. "கொல்றான்டி..."

அவள் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பழைய முகம். ரத்தத்தில் குளித்த முகம். பல்லைக் கடித்த முகம். அவளுடைய கை ஒடிந்த சாயங்காலத்தின் முகம்.

தையல் மேஜைமேல் பித்தளை இஸ்திரிப்பெட்டி இருந்தது. கரி போடுகிற பழைய பெட்டி. மின்சாரப் பெட்டிக்கு இந்தக் கனம் வராது, பட்டுக்கு மடிப்பு நிற்காது என்று அவள் விடாமல் வைத்திருந்தது. அது எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"மாமா, விடு! எங்கண்ணனை விடு!"

"பயப்படாத புள்ள, நான் சும்மா..."

முதல் அடி நெற்றியில் விழுந்தது. அது அண்ணனைக் காப்பாற்றுவதற்காக.

இரண்டாவது அடியில் சங்கிலி நழுவியது. லோகு உருண்டு விலகி இருமினான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாவது அடி பத்து வருஷத்துக்கு முன்னால் முறிந்த இடது கைக்காக. நாலாவது, அந்தக் கையோடு ராத்திரி ராத்திரி விழித்துக் கிடந்ததற்காக. அதற்கு அப்புறம் விழுந்ததெல்லாம் எதற்கென்று அவளுக்கே தெரியாது. பெட்டியின் மூடி திறந்துகொண்டு பழைய சாம்பல் பறந்தது. சிவப்பின்மேல் சாம்பல் அப்பியது.

"அக்கா! அக்கா! போதும்க்கா!"

ஷபானா தவழ்ந்துவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். கிழிந்த முன்கையிலிருந்து வழிந்த ரத்தம் இலக்கியாவின் சேலையில் ஊறியது.

"கையைப் பாருங்கக்கா. அவரு கையைப் பாருங்க."

இலக்கியா பார்த்தாள்.

விரல் போன இடது கை. சங்கிலி இன்னும் அதைச் சுற்றிக் கிடந்தது. உள்ளங்கையில் கண்ணிகள் வரிசையாகப் பதிந்து, சதை கிழிந்து, எலும்பு தெரிந்தது.

"உங்க அண்ணன் கழுத்துக்கும் சங்கிலிக்கும் நடுவுல தன் கையைக் குடுத்து வெச்சிருந்தாரு," என்றாள் ஷபானா. "நான் இங்கிருந்து பார்த்தேன். இறுக்கினது அவரு கையைத்தான். அவங்க எந்திரிச்சு மறுபடி அரிவாளை எடுக்கக் கூடாதுன்னு பிடிச்சுத்தான் வெச்சிருந்தாரு."

மூலையில் லோகு இருமிக்கொண்டிருந்தான். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

அலமாரியில் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. இளைப்பு இல்லாத, புதுச் சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல், விருந்தாளியை வரவேற்கிற குரல்:

"வணக்கம். புதிய பதிப்பு தயார். பார்வை கிடைக்கவில்லை. கண்ணைத் துடைக்கவும்."

ஷபானா விழித்தாள். "கண்ணா? இந்த மாடலுக்குக் கண்ணு எங்க இருக்கு?" பெட்டியின் விளிம்பெல்லாம் தடவினாள். பக்கவாட்டில் இல்லை. அடியில் இல்லை. அவள் விரல் நெற்றிக்கு வந்து, அந்தக் குங்குமப் பொருக்கில் நின்றது. இந்தத் தடவை யோசிக்கவில்லை. நகத்தால் நெம்பினாள். ஆறிய புண்ணின் பக்கு மாதிரி அது பெயர்ந்து விழுந்தது. அடியில், மிளகு அளவுக்கு, கறுப்பாக ஒரு கண்ணாடி.

முக்காட்டு நுனியால் துடைத்தாள்.

"நன்றி. பார்வை கிடைத்தது. கடைசியாகப் பதிவான காட்சி இது."

திரையில் ஒரு படம் விரிந்தது. முக்கால்வாசித் திரையை ஒரு மோதிர விரல் அடைத்திருந்தது. நுனியில் ஈரக் குங்குமம். விரலுக்கு அப்பால், பொரியும் சுண்டலும் வைத்த தட்டு. அதற்கும் பின்னால், ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாயக்கண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இலக்கியாவுக்கு அந்த ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. அதுவரை பெட்டியின் ஓரத்தில்தான் பொட்டு வைப்பாள். அந்த வருஷம்தான், நட்ட நடுவில் ஒரு மணி மாதிரி ஏதோ இருக்கிறதே, நெற்றி மாதிரி அழகாக இருக்கிறதே என்று அதன்மேல் வைத்தாள். அப்புறம் வருஷா வருஷம் அதே இடத்தில்.

"மூணு வருஷம் ஆச்சுக்கா," ஷபானாவின் குரல் அடங்கிப் போயிருந்தது. "தினம் ஒரு கட்டம் வந்துச்சுன்னீங்களே. கண்ணு மறைச்சிருக்குன்னுதான் அது சொல்லியிருக்கு. ஆபீஸ்ல பெட்டி ஓடுதான்னு மட்டும்தான் பார்ப்பாங்க. ஓடியிருக்கு. குருடா ஓடியிருக்கு."

"அப்ப விதை?"

"பார்க்காம பெட்டி என்ன சொல்லும்? மூணு வருஷமா விதைக்கு ஒரு வார்த்தை போகல."

மூன்று வருஷம். வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று 'கொலைகாரப் பயலே' என்று திட்டிய நாள் ஒன்று உண்டு. ஆர்டர் கெட்டுப்போன ஆத்திரத்தில் இலக்கியாவே சோற்றுத் தட்டை அவன் மூஞ்சியில் விட்டெறிந்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு அவன் சோற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், விடியும்வரை அண்டாவைத் தேய்த்தான். அலமாரியில் குடங்கள் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கூடம், ஒரு சின்னச் சிவப்பு.

"புள்ள..."

அவள் தரையில் விழுந்து உட்கார்ந்தாள். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மறு கண்ணால் மாயக்கண்ணன் அவளைத் தேடினான்.

"பெட்டி முழிச்சிருச்சா? சத்தம் கேக்குதே."

"முழிச்சிருச்சு மாமா."

"அப்பாடி." மூச்சு குமிழிட்டது. "அப்ப பக்கத்துல வா. இனிமே பயமில்ல. அது பார்த்துக்கும்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த நிம்மதியோடு விட்டிருக்கலாம். ஆனால் இதை இப்போது சொல்லாவிட்டால் சொல்ல இன்னொரு நாள் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அது பார்க்கல மாமா. மூணு வருஷமா அதுக்குக் கண்ணே தெரியல. நான்தான் பொட்டு வெச்சு மறைச்சுட்டேன்."

அவனுக்கு அது போய்ச் சேர நேரம் பிடித்தது. புருவம் சுருங்கியது.

"அப்ப... அன்னிக்குத் தட்டை எறிஞ்சியே?"

"அன்னிக்கும் இல்ல."

"இன்னிக்கு?"

"என்னிக்குமே இல்ல மாமா."

கிழிந்த உதடு மெல்ல விரிந்தது. பரீட்சை எழுதியதே தெரியாமல் பாஸாகிவிட்ட பையனின் முகம் அது.

"அப்ப நாந்தானா?"

"நீங்கதான்."

"நாந்தானா..." என்றான் மறுபடி, கேள்வி இல்லாமல். அந்தக் கண் அவளைப் பார்த்தபடியே நின்றுபோனது. ஷபானா குனிந்து அவன் கழுத்தில் நாடி பார்த்தாள், விரலை மெதுவாக எடுத்தாள்.

தெருவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம். எங்கோ சைரன். எதிர்வீட்டிலிருந்து, "எங்கப்பாகிட்டப் போகணும்," என்று மகிழினி அடம்பிடிப்பது கேட்டது.

"நான் சொல்லிக்கிறேன்," என்றான் லோகு மூலையிலிருந்து, ஒடிந்த மணிக்கட்டைப் பிடித்தபடி. "அவன்தான் ஆரம்பிச்சான்னு நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேசாத."

"வாயை மூடுங்க," என்றாள் ஷபானா.

பெட்டிதான் பேசியது.

"மாயக்கண்ணன். அசைவு இல்லை, மூச்சு இல்லை. கண்காணிப்பு முடிந்தது. விதை விடுவிக்கப்படுகிறது." சற்று இடைவெளி. மிளகுக் கண்ணுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. "இந்த அறையில் மூன்று நபர்கள். ஒருவரிடம் அளவு மீறிய சீற்றம் காணப்படுகிறது."

லோகு சுவரோடு ஒடுங்கினான். அந்தக் கண் அவன் அரிவாளைப் பார்த்ததில்லை. அவன் அறைந்ததைப் பார்த்ததில்லை. திறந்ததிலிருந்து அது பார்த்ததெல்லாம் உடைந்த கையோடு அழுகிற ஒருவனை மட்டும்தான்.

திரையில் ஒரு முகம் தெரிந்தது. தலைமுடியில் சாம்பல், கன்னத்தில் ரத்தத் துளிகள், இறுகிய தாடை. சுற்றிலும் சிவப்புக் கட்டம். அந்தப் பெண்ணின் வலது கை பித்தளை இஸ்திரிப்பெட்டியை இன்னும் இறுகப் பிடித்திருந்தது. தன் கையைக் குனிந்து பார்த்தபிறகுதான் அது தான் என்று இலக்கியாவுக்கு உறைத்தது.

"பெயர், இலக்கியா. உறவு, மனைவி. விதை பொருத்தும்படி துறைக்குப் பரிந்துரை அனுப்பப்படும்."

இஸ்திரிப்பெட்டி கையிலிருந்து விழுந்தது. அவள் எழுந்தாள். யோசித்து எழவில்லை, விரல் தானாகவே நீண்டது, மூன்று வருஷமாகத் தினம் போய்ப் பழகிய அந்த இடது மூலைக்கு. அங்கே வெறும் கண்ணாடி. அழுத்தினாள். ஒரு ரத்த ரேகை பதிந்தது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினாள்.

புதுப் பதிப்பில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டிருந்தார்கள்.

திரையின் நடுவில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

'சரி.'